மூன்று முறை வடிகட்டிய தண்ணீர்

செஞ்சியில் என் வீட்டுக்காரர் வைத்திருந்த பேட்டரிக் கடைக்கு என் மாமனார் ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். தை முதல் தை வரை. அதற்குள் கடை நிலைத்துவிட்டால் சரி. நிலைக்காவிட்டால் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் மேல்சித்தாமூருக்குத் திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் தன் அண்ணன்மார் மூவரோடு வேர்க்கடலை பறிக்க மல்லாட்டைக் கொல்லைக்குப் போக வேண்டும், நான் என் ஓரகத்திகள் மூவரோடு சமையற்கட்டுக்குப் போக வேண்டும்.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. பெரிய ஓரகத்தி சொல்வதை நடு ஓரகத்தி வாங்கி, அடுத்தவளிடம் கொடுத்து, அது என்னிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் வெங்காயம் இல்லாத சாம்பாருக்குப் புளி கரைப்பதாக இருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். புளி கரைக்க அது தேவைப்படவில்லை.

நாங்கள் தனிக்குடித்தனம் வந்ததே பஸ்ஸின் தயவால்தான். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு வாயில் பருக்கை படக் கூடாது. கடையைச் சாத்திவிட்டு என் வீட்டுக்காரர் பிடிக்கும் பஸ் ஊருக்கு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிடும். கல்யாணமான புதிதில் அவர் ஒரு மாதம் முழுக்க ராத்திரி பட்டினி கிடந்தார். பிள்ளை இளைத்துப் போவதை மாமியாரால் பார்க்க முடியவில்லை. பஸ்ஸை மாற்ற முடியாது, சூரியனை மாற்ற முடியாது, ஆகவே சமைத்துப் போட என்னைச் செஞ்சிக்கு அனுப்பினார்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு விறகடுப்பு, பக்கத்தில் ஒரு கிணறு. நான் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கடை, பஸ் ஸ்டாண்டுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில். பலகையில் வரிசையாகப் பேட்டரிகள், ஒன்றோடொன்று கம்பி போட்டு இணைத்தவை, ஒரு மூலையில் சார்ஜர் பெட்டி. லாரிக்காரர்கள், சிங்கவரம் பஞ்சாயத்து ரேடியோ, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர், இரண்டு மூன்று மிராசு வீட்டு ரேடியோக்கள். அப்போது சுற்றுவட்டாரத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் கிடையாது. ரேடியோ பாட வேண்டுமானால் பேட்டரி சைக்கிள் கேரியரில் கட்டப்பட்டு எங்கள் கடைக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, வயிறு நிறைந்து திரும்ப வேண்டும்.

மாமனாருக்குப் பேட்டரி மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆசிட்டின் மேல்தான் சந்தேகம். எறும்பு விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். விழாது, மூடி இருக்கிறது என்றார் இவர். மூடியைத் திறக்கும்போது விழுந்தால்? அதற்காக இவர் ஆசிட் ஜாடியைச் சுற்றி மஞ்சள் தூள் கோடு போட்டார். நானறிந்தவரை தமிழ்நாட்டில் ஆசிட் ஜாடிக்குக் கோலம் போட்ட ஒரே கடை எங்களுடையதுதான்.

வைகாசியில் எனக்கும் கடையில் ஒரு வேலை கிடைத்தது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது உள்ளே தண்ணீர் குறையும். பேட்டரி உள்ளே அறை அறையாக இருக்கும், ஒவ்வொரு அறைக்கும் ஒரு மூடி. மூடியைத் திருகி எடுத்து, தகடுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட வேண்டும். ஆசிட் விடக் கூடாது, தண்ணீர் மட்டும். பிறகு ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சினால், கண்ணாடிக்குள் ஒரு மிதவை எழும்பும். பச்சைக் கோடு தெரிந்தால் முழுசு, வெள்ளை என்றால் பாதி, சிவப்பு என்றால் காலி. அந்த மிதவையை நான் முதல் முறை பச்சைக்கு எழுப்பிக் காட்டியபோது என் வீட்டுக்காரர், "கை ஆடல, பரவாயில்ல" என்றார். ஓரகத்திகள் மூவரும் சேர்ந்து எனக்கு அதுவரை கொடுத்த பாராட்டைவிட அது அதிகம்.

தண்ணீர் விழுப்புரத்திலிருந்து வந்தது. பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்த பெரிய கண்ணாடிக் குடுவை, பஸ்ஸின் மேலே ஏறி வரும். டிஸ்டில்ட் வாட்டர். இதைத்தான் ஊற்ற வேண்டும், இது சுத்தமானது என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு லாரிக்காரரோடு பேசப் போய்விட்டார். அவருக்கு அது அவ்வளவு தெரிந்த விஷயம், விளக்கம் தேவைப்படும் என்று தோன்றவில்லை.

நான் அந்தக் குடுவையைச் சுற்றி வந்து பார்த்தேன். யார் இறைத்த தண்ணீர், எந்தக் கிணறு, என்றைக்கு இறைத்தது, ஒன்றும் தெரியாது. வடிகட்டினார்களா என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீடுகளில் தண்ணீர் விஷயத்தில் விளையாட்டே கிடையாது. கெட்டியான துணியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டாமல் ஒரு சொட்டு உள்ளே வராது. வடிகட்டியதும் இரண்டு நாழிகைக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் மறுபடி வடிகட்ட வேண்டும். காய்ச்சினால் கொஞ்சம் கூடுதல் நேரம். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அதே கிணற்றில் நோகாமல் திருப்பி விட வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் இதைப் பார்த்து வளர்ந்தவள். வாரக்கணக்கில் குடுவையில் கிடந்து, பஸ் மேல் வெயிலில் காய்ந்து வந்த தண்ணீரைச் சுத்தம் என்று இவர் சொன்னதும், பாவம், ஆண்பிள்ளை, இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து பேட்டரிகளுக்கு நானே தண்ணீர் தயார் செய்தேன். கிணற்றில் இறைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடி வடிகட்டி ஊற்றினேன். எங்கள் ஊர் மடத்துக்குத் துறவிகள் வந்தால் எப்படிக் கொடுப்போமோ அப்படி. லாரி பேட்டரிக்கு இந்த மரியாதை அதிகம்தான். ஆனால் வேலை என்று ஒன்று கைக்கு வந்த பிறகு அதைச் சுமாராகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

குடுவைத் தண்ணீரைக் கீழே கொட்டவும் மனம் வரவில்லை. அதை வடிகட்டிச் சமையலுக்கு எடுத்துக்கொண்டேன். அதில் துவரம்பருப்பு வெண்ணெய்போல வெந்தது. கிணற்றுத் தண்ணீரில் அரை நாள் வேகும் பருப்பு அதில் அரை மணியில் குழைந்தது. இவர் சாப்பிட்டுவிட்டு, "செஞ்சி வந்தப்புறம் உன் கைப்பக்குவமே மாறிடுச்சு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குடுவையில் மட்டம் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது, இவர் ஒழுங்காக அடுத்த குடுவைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் எங்கள் வீட்டில் டிஸ்டில்ட் வாட்டரில் பருப்பு வெந்தது, கிணற்றுத் தண்ணீரில் பேட்டரி வெந்தது.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பானையின் அடியில் வெள்ளையாக ஏடு படியும். வாரம் ஒரு முறை தேங்காய் ஓட்டால் சுரண்டி எடுப்பேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா என்றால் இல்லை. சுரண்டி முடித்ததும் கை வலிக்கிறது என்று மட்டும் யோசித்தேன்.

ஆடி வாக்கில் பேட்டரிகள் திரும்பி வர ஆரம்பித்தன. இங்கிருந்து பச்சையில் போகும், பத்து நாள் பாட வேண்டிய ரேடியோ நாலு நாளில் முனகும். சிங்கவரம் பஞ்சாயத்துக்காரர் வந்து, விவசாய நிகழ்ச்சியில் உரம் எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நின்றுவிட்டது என்றார். மைக் செட்காரருக்கு ஒரு கூட்டத்தில் தலைவர் பேச ஆரம்பித்த ஐந்தாம் நிமிடம் சத்தம் போய்விட்டது. கூட்டத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தலைவர் கோபித்துக்கொண்டார்.

மைக் செட்காரர் பொல்லாதவர் இல்லை. பேட்டரியைப் பலகையில் வைத்துவிட்டு, "இன்னா சார், உங்க கடைல சார்ஜ் போட்டா வீட்டுக்குப் போற வழியிலயே எறங்கிடுது?" என்று மட்டும் கேட்டார். இவர் முகம் சுருங்கிப் போனது. அன்றைக்கு இவர் சார்ஜரைப் பிரித்துப் போட்டார். அடுத்த வாரம் கம்பிகளை மாற்றினார். அதற்கடுத்து விழுப்புரத்துக்குப் போய் ஆசிட் விற்பவரோடு சண்டை பிடித்து, வேறு கடையில் ஆசிட் வாங்கி வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடையிலேயே இரண்டு நாள் சும்மா வைத்திருந்த பேட்டரிகூடப் பச்சையிலிருந்து வெள்ளைக்கு இறங்கியது. ஆட்கள் திண்டிவனத்துக்குப் பேட்டரி கொண்டு போக ஆரம்பித்தார்கள்.

அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இரண்டு முறை வடிகட்டுவதை மூன்று முறையாக்கினேன். கொதிக்கவைக்கும் நேரத்தையும் கூட்டினேன்.

மார்கழியில் வேன் வந்தது. வெள்ளைக்காரத் தம்பதி, நம் ஊர்க் காலேஜ் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். ஏதோ தேசத்திலிருந்து நிலம் வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். கோட்டைக்குக் கீழே புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி, ஜன்னலுக்குத் திரைச்சீலை. செஞ்சி முழுவதும் போய்ப் பார்த்தது. அவர்கள் முட்டை பொரிப்பதை நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். நானும் இவரும் முட்டை முடிந்த பிறகு போனோம்.

வேனுக்குள் விளக்கு எரியவில்லை, சின்ன மின்விசிறி சுற்றவில்லை, பேட்டரி செத்துவிட்டது என்று எங்கள் கடைக்கு வந்து சொல்லியிருந்தார்கள். ஆனால் வேன் ஓடுகிறதே என்றேன். அதற்கு வேறு பேட்டரி என்றான் அந்தப் பையன். என் வீட்டுக்காரர் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்த பேட்டரி அது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் லாரி பேட்டரிதான். லாரி பேட்டரிக்குத் தகடு மெல்லிசு, எண்ணிக்கை அதிகம். இஞ்சினைக் கிளப்ப ஒரே மூச்சில் பலத்தைக் கொடுக்கும், பிறகு ஓடும் லாரி அதைத் திரும்ப நிரப்பிவிடும். அதையே ரேடியோவுக்கும் மைக்குக்கும் மாட்டி அடிமட்டம்வரை உறிஞ்சினால் நாலு மாதத்தில் தகடு உதிரும். மெதுவாகக் கொடுத்து, முழுசாகக் காலியாகி, மறுபடி நிரம்பி, மறுபடி காலியாகி, இப்படியே வருடக்கணக்கில் தாங்குவதற்குத் தகடு கனமாக இருக்க வேண்டும். ரயில் பெட்டி விளக்குக்கு அப்படி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார், பார்த்ததில்லை. இப்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தகடு இன்னா கனம் பாரு" என்று என்னிடம் சொன்னார். பெண் பார்க்க வந்தபோது என்னை அந்தப் பார்வை பார்க்கவில்லை.

ஓடுவதற்கு ஒன்று, குடித்தனத்துக்கு ஒன்று என்று இரண்டு பேட்டரி வைத்திருக்கிறார்கள், குடித்தனப் பேட்டரி செத்தாலும் வண்டி நிற்காது என்று எனக்கு விளக்கினார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அலமாரியை அவளே அடுக்கியிருந்தாள். புளிப் பானை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்டிருக்க மாட்டாள்.

பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்து மெதுவாகச் சார்ஜ் போட்டோம். மூன்று நாள் ஏறியது. தை பிறக்க இருபது நாள்கூட இல்லை. இந்த ஒரு பேட்டரி சரியாக நின்றால், வெள்ளைக்காரன் வண்டிக்கே போட்டுக்கொடுத்த கடை என்று நைனாவிடம் சொல்லலாம் என்றார் இவர்; தன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார். அதற்காகவே நான் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டேன். புதுத் துணி கிழித்து வடிகட்டினேன்.

கொண்டுபோன இரண்டாம் நாள் அவர்கள் அதை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பையன் கோபப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டான். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கரண்ட், ஆசிட் சேர்த்தீர்களா. இவருக்கு இங்கிலீஷ் தடுமாறும். நான் இடையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியாக, டிஸ்டில்ட் வாட்டர்தானே ஊற்றினீர்கள் என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் எட்டு மாதம் காத்திருந்தேன். அதைவிட மேலானது என்றேன். கிணற்றிலிருந்து நானே இறைத்தது, கொதிக்கவைத்தது, மூன்று முறை வடிகட்டியது, உங்களுக்காகப் புதுத் துணி. எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷில், ஒரு தப்பும் இல்லாமல் சொன்னேன்.

பையன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். இவருக்கு என் இங்கிலீஷ் முழுக்கப் புரிந்துவிட்டது.

அவர் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். குடுவையைக் காட்டி, "இதுல இருந்தது?" என்று கேட்டார். பருப்புக்கு என்றேன். அவர் அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், குனிந்து அடியில் படிந்திருந்த வெள்ளையை விரலால் சுரண்டி நக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் இரும்பும் எந்தத் துணியிலும் தங்காது, கொதிக்கவைத்தால் ஆவிதான் போகும், உப்பு இன்னும் திரளும். அது தகட்டில் ஏறினால் பேட்டரி சும்மா இருக்கும்போதே தன்னைத்தானே தின்றுவிடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிர்வித்த தண்ணீர்தான் குடுவையில் இருந்தது. உயிரும் கிடையாது, உப்பும் கிடையாது.

நான் அழுதேன். எட்டு மாதம் ஒவ்வொரு நாளும் கடையை என் கையாலேயே கொன்றுகொண்டிருந்திருக்கிறேன், அதுவும் பக்தியோடு. திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. "அதான் பருப்பு அப்படி வெந்துச்சா" என்று மட்டும் கேட்டார்.

பிறகு வேலை தொடங்கியது. வேன் பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டைக் கொட்டி, டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, புது ஆசிட் விட்டு, மறுபடி மெதுவாகச் சார்ஜ். அவர்கள் ஆறு நாள் காத்திருந்தார்கள். தினமும் கோட்டை மலையான ராஜகிரி ஏறி இறங்கினார்கள். அந்தப் பெண் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு என் வடிகட்டும் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பேட்டரி தாங்கியது. இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தோம், பச்சையில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அதை மாட்டிக்கொண்டு பாண்டிச்சேரிப் பக்கம் போய்விட்டார்கள். தகடு கனமாக இருந்ததால் பிழைத்தது என்றார் இவர். மற்றவர்களுடைய பேட்டரிகள் அப்படி இல்லை. ஏழு பேருடையது. சிலது கழுவினால் தேறும், சிலது தேறாது.

பொங்கல் கழிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் வந்தார். கையில் சொம்பு, தோளில் வடிகட்டும் துணி. வெளியூர் போனால் அவருடைய தண்ணீர் அவரோடுதான் வரும். கடைக்குள் பேட்டரிகள் தலைகீழாகக் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னா ஆச்சு?" என்றார்.

இதற்கு என்ன சொல்வது என்று நாங்கள் முந்தின நாளே பேசி வைத்திருந்தோம். பேசியது இவர், கேட்டுக்கொண்டது நான். "ஆசிட்டு மோசமா வந்துடுச்சு நைனா. விழுப்புரத்துக்காரன் கலப்படம் பண்ணிட்டான்" என்றார் என் வீட்டுக்காரர். தரையைப் பார்த்துச் சொன்னார்.

கடை போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கடை போனால் ஹைட்ரோமீட்டர் போகும், என் அறை போகும், நான் புளிக்குத் திரும்புவேன். ஆனால் தன் அப்பாவுக்கு முன்னால் வேலை தெரியாதவராக அவர் நிற்பதை அதைவிடத் தாங்க முடியவில்லை. நல்ல ஆசிட் எது, கெட்ட ஆசிட் எது என்று தெரியாமல் எட்டு மாதம் ஏமாந்தவர் என்றல்லவா அந்தப் பொய்க்கு அர்த்தம். நான் முன்னால் வந்தேன்.

"ஆசிட்டு நல்ல ஆசிட்டுதான் மாமா. தண்ணிய நான்தான் மாத்தி ஊத்திட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எத்தனை முறை வடிகட்டினாய் என்று கேட்டார், மூன்று என்றேன். துணியில் தங்கியதை எங்கே விட்டாய் என்று கேட்டார், அதே கிணற்றில் என்றேன். தலையாட்டினார். குடுவைத் தண்ணீரைக் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். தன் துணியில் வடிகட்டி, வாயில் விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"ஒண்ணுமே இல்லியே" என்றார்.

ஆமாம் மாமா, பேட்டரிக்கு அப்படித்தான் வேண்டுமாம் என்றேன்.

அவர் மகன் பக்கம் திரும்பினார். "அவ ஊத்துனது தெரியாம செஞ்சது. நீ ஆசிட்டுக்காரன் மேல போட்ட பாரு, அது தெரிஞ்சு சொன்னது. பேட்டரி கெட்டதுக்குக் கடைய மூட வேணாம். இதுக்கு மூடலாமா வேணாமான்னுதான் நான் யோசிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் நிமிரவில்லை. எனக்கு மாமனார் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எனக்காகச் சொன்ன பொய், அதுவும் இவருக்கு வாயில் வராமல் வந்த பொய். பொய்யிலும் என் பங்கு உண்டு மாமா, கூடவே நின்றேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரிடம் நேராக அவ்வளவு பேசியது அதற்கு முன் நடந்ததில்லை. ஓரகத்திகள் இருந்திருந்தால் அதிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் யோசித்து முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. சாப்பிட்டார். கை கழுவினார். பிறகுதான் சொன்னார். யார் யாருடைய பேட்டரி கெட்டதோ அவரவர் இடத்துக்கு நானே போய் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். ஆசிட்காரருக்கும் சொல்ல வேண்டும், அது மகன் பொறுப்பு. சொல்லி முடித்தால், நான் தண்ணீர் ஊற்றிய எட்டு மாதத்தைத் தவணையில் சேர்க்க மாட்டார். அந்த எட்டு மாதம் கடை நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அதை மறுபடி கொடுப்பார். சொல்ல முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இருவரும் வந்துவிடலாம்.

சொம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

நான் ஒரு வாரம் சொல்லிக்கொண்டே திரிந்தேன். சிங்கவரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் பஞ்சாயத்துக்காரரிடம் சொன்னேன். அவர் புரியாமல் பக்கத்திலிருந்தவரைப் பார்க்க, அந்த ஆள் நல்ல தண்ணீர் ஊற்றியதால் கெட்டுவிட்டதாம் என்றார், அவர் இன்னும் புரியாமல் சரி என்றார். ஒரு மிராசு வீட்டம்மா, இதைச் சொல்லவா நடந்து வந்தாய் என்று மோர் கொடுத்தாள். பொழுது இருந்ததால் குடித்தேன். ஒரு லாரிக்காரர் என்னை நிற்கவைத்து இன்னொரு லாரிக்காரரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது, சொன்னேன். ஒருவர் இனி அந்தக் கடைப் பக்கமே வர மாட்டேன் என்றார். சொன்னபடி வரவும் இல்லை. விழுப்புரத்து ஆசிட்காரர், எனக்கு அப்பவே தெரியும் என்று சொன்னதாக இவர் வந்து சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை கோபம்.

மைக் செட்காரரைக் கடைசியாக வைத்திருந்தேன். அவருக்குத்தான் நஷ்டம் அதிகம். கூட்டத்துக்குப் பிறகு அந்தத் தலைவர் அவரைக் கூப்பிடுவதே இல்லை. அவர் கடையில் ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். நான் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு மைக் போட வேண்டும், அந்தக் கூட்டத்தில் நின்றுபோனால் ஊரில் தலை காட்ட முடியாது என்றார். பேட்டரியை இறக்கினார். புதுசு, முதல் சார்ஜ். என் வீட்டுக்காரர் வாங்கக் கை நீட்டினார். மைக் செட்காரர் அவரைத் தாண்டி வந்து, என் முன்னால் இருந்த பலகையில் வைத்தார்.

"நீயே ஊத்துமா. திண்டிவனத்துல இருக்கிறவன் ஊத்துனா தப்பா ஊத்திட்டேன்னு வந்து சொல்ல மாட்டான்" என்றார்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தேன். ஆறு அறையும் திறந்திருந்தன. குடுவையிலிருந்து தண்ணீர் எடுத்து முதல் அறையின் மேல் குனிந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரமாக எத்தனையோ பேர் சிரித்தபோது வராத அழுகை, நிறுத்த முடியாமல் வந்தது.

என் வீட்டுக்காரர் வேகமாக வந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தள்ளி நின்னு அழு. உள்ள உப்பு விழப் போவுது" என்றார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. அவரும் தள்ளித்தான் நின்றிருந்தார்.